குழந்தைக்கு எதைப் படித்துக் காட்டுவது?

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் குழந்தைக்கு மூன்று வயது நிறைந்ததும் தமிழ் நூல் ஒன்று வீட்டுக்குள் நுழையும். பெரும்பாலும் அது ஆத்திசூடி, இல்லையேல் திருக்குறள். ஊரிலிருந்து தாத்தா அனுப்பியிருப்பார். பொங்கல் விழா நெருங்கும்போது குழந்தை பத்துக் குறளை நெட்டுருப் போடும், மேடையேறி ஒப்பிக்கும், நாமும் கைதட்டுவோம். மேடையை விட்டு இறங்கியதும் அதே குழந்தை தாயிடம் தண்ணீர் கேட்பது இந்தியில்!

ஔவையிடமும் வள்ளுவரிடமும் எனக்குள்ள மதிப்பு எவருடைய மதிப்புக்கும் குறைந்ததன்று. எனினும் சொல்கிறேன்: மடியில் அமர்த்திப் படித்துக் காட்டுவதற்குரிய முதல் நூல்கள் அவை அல்ல. மூன்று வயதில் அறிவுரை எதற்கு? அந்த வயதுக்கு வேண்டியவை யானையும் மழையும் மாம்பழமும், வாய்விட்டுச் சிரிக்க ஒரு காரணமும்.

இயற்பியல் முதுகலை மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். என் தமக்கை மகளுக்கு வயது நான்கு. ஞாயிறுதோறும் அவளுக்குப் படித்துக் காட்டும் பொறுப்பு விடுதியில் வாழும் இந்த மாமனுடையது. (விடுதிச் சாப்பாட்டிலிருந்து ஒரு வேளை தப்பிப்பதும் இதில் அடக்கம்.) எந்த நூலை அவள் "இன்னொரு தடவை" என்கிறாள், எந்த நூலின் நடுவே எழுந்து ஓடிவிடுகிறாள் என்பதைக் கவனித்து வருகிறேன். ஒரே குழந்தையை வைத்துச் செய்த சோதனையை என் துறைப் பேராசிரியர்கள் ஒப்பமாட்டார்கள், பெற்றோர் ஒப்புவார்கள்.

முதலிடம் அழ. வள்ளியப்பாவுக்கே. 1922இல் பிறந்து 1989இல் மறைந்த இவர் வங்கியில் பணியாற்றிக்கொண்டே குழந்தைகளுக்காகப் பாடியவர். அவருடைய 'மலரும் உள்ளம்' வீட்டில் இருந்தால் போதும், ஓராண்டு கவலையில்லை. காரணம் எளிது. பாட்டில் ஓசை முதலில் செவியில் இறங்கும். பொருள் பின்னால் மெல்ல வந்து சேரும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் தந்தையும் இரண்டு முறை படித்துவிட்டால் மூன்றாம் முறை பாட்டே அவரை இழுத்துச் சென்றுவிடும். கவிமணியின் குழந்தைப் பாடல்களும் இத்தகையனவே. பாரதியின் பாப்பாப் பாட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டுவதில்லை.

இங்கே வளரும் குழந்தைக்குச் செவிவழிப் பயிற்சி மிகுதியும் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது முதலில் கற்கும் எழுத்து நாகரி. அதில் ககர வரிசைக்கு நான்கு தனித்தனி எழுத்துகள். தமிழிலோ ஒரே 'க'. கடலில் வல்லோசை, தங்கத்தில் வேறோசை, அகத்தில் மென்மையான மூன்றாவது ஓசை. இந்தி படித்த குழந்தை, "எப்போது எதைச் சொல்வது?" என்று திகைப்பது இயல்பே. மொழிமுதலில் ஒன்று, மெல்லெழுத்தின் பின் ஒன்று, உயிர்களின் இடையே ஒன்று என்று விதி சொல்லலாம். நான்கு வயதில் யார் கேட்பார்? ஆனால் நூறு முறை கேட்ட காது விதி தெரியாமலே விதிப்படி நடக்கும். பின்னர் எழுத்தைக் காணும்போது வாய் தானே சரியாக ஒலிக்கும்.

படக்கதைகளுள் என் மருமகளின் முதல் விருப்பம் அசோக் ராஜகோபாலன் எழுதிப் படமும் வரைந்த 'கஜபதி குலபதி'. சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் வெளியீடு. கோயில் யானைக்குச் சளி பிடிக்கிறது, தும்மல் வருகிறது. கதை அவ்வளவுதான்! ஆயின் அந்தத் தும்மலைப் படிப்பவர் தும்மியே காட்ட வேண்டும். நாணம் உடைய தந்தையர் இந்நூலை வாங்க வேண்டா.

பிரதம் நிறுவனத்தார் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' என்னும் இணையதளத்தில் கட்டணமின்றிக் கதைகள் கிடைக்கின்றன. ஒரே கதையைப் பல மொழிகளில் காணலாம். நீண்ட முடியை வெட்டிவிட ஆள் தேடி ஒவ்வொருவரிடமாகச் சென்று அலையும் சிருங்கேரி ஸ்ரீனிவாஸின் கதை அவற்றுள் நன்று. ஒரே மறுப்பு திரும்பத் திரும்ப வருவதால், இரண்டாம் முறை படிக்கும்போது குழந்தையே முந்திக்கொண்டு சொல்லிவிடும்.

இருமொழி நூல்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை. ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் தமிழும் இருந்தால் பெற்றோரின் கண் எங்கே ஓடும்? தமிழ் மட்டும் அச்சிட்ட பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குக. கிடைக்காவிடில் ஆங்கில வரியைக் கையால் மறைத்துக்கொள்க. மொழிபெயர்ப்பு நூல்களை வாங்குமுன் கடையிலேயே ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்லது. மூச்சு முட்டினால் வைத்துவிடலாம். 1947இல் தொடங்கி இன்று நின்றுபோன அம்புலிமாமாவின் பழைய தொகுதிகள் சில வீடுகளில் இருக்கும். அவை எட்டு வயதுக்கு உரியவை; வேதாளம் காத்திருக்கட்டும்.

இனி, பெற்றோர் பெரிதும் தயங்கும் இடத்துக்கு வருவோம். நூலில் 'யானை தும்மியது' என்றிருக்கிறது. வீட்டில் நாம் 'தும்மிச்சு' என்கிறோம். எதைப் படிப்பது? என் முடிவு இது: பாட்டில் ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது, மாற்றினால் சந்தம் முறியும். உரைநடையில் ஆசிரியர் கூற்றை உள்ளபடியே படிக்கலாம். பாத்திரங்கள் பேசும்போது மட்டும் அவரவர் வீட்டுப் பேச்சில் பேசட்டும். நெல்லைக்காரர் வீட்டு நரி 'ஏலே' என்று கூப்பிடட்டும். கோவைக்காரர் வீட்டு முயல் 'சொல்லுங்க' என்று குழையட்டும். ஏட்டுத் தமிழும் வீட்டுத் தமிழும் ஒரே மரத்தின் கிளைகள் என்பதை அக்குழந்தை இலக்கணம் இல்லாமலே அறிந்துகொள்ளும்.

தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தார் நடத்தும் ஏழு பள்ளிகளில் பயின்றோர்க்குத் தமிழ் படிப்பது எளிது. ஏனையோருள் பலர் இந்தியும் வடமொழியும் பயின்று வளர்ந்தவர்கள். தமிழ் பேச வரும், படிக்க வராது. "எனக்கே தெரியாததை எப்படிப் படித்துக் காட்டுவேன்?" என்று அவர்கள் நூலை மூடிவிடுகிறார்கள். தடுமாறிப் படித்தால் குழந்தை இகழும் என்ற அச்சம் வீண். அதன் கண்ணுக்கு அப்பா இன்னும் எல்லாம் அறிந்தவர். அந்த நம்பிக்கை பத்து வயது வரையாவது தாங்கும். விரலை எழுத்தின்மேல் வைத்து இருவரும் சேர்ந்தே கற்கலாமே!

இதில் நம் மாணவர் சங்கமும் ஒன்று செய்யலாம். வளாகக் குடியிருப்பில் இத்தகைய குடும்பங்கள் சில உள்ளன. ஆண்டு விழாவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியைக் குழந்தை நூல்களுக்கு ஒதுக்கி, தமிழ் படிக்கத் தெரிந்த உறுப்பினர் இருவர் இருவராக ஞாயிறு மாலைகளில் அங்குச் சென்று படித்துக் காட்டினால் என்ன? தொடங்குவதற்கு என்னிடம் பன்னிரண்டு நூல்கள் இருக்கின்றன. இரண்டில் அட்டை இல்லை.