பழைய கேம் பெட்டியும் புதிய ரீவியும்

வந்து வீடு எடுத்த முதல் வருடத்தில் பிள்ளைகளுக்குப் புதிய விளையாட்டுச் சாமான் வாங்குவது எல்லோருக்கும் இயலுகிற காரியமல்ல. வாடகை, பஸ் ரிக்கற், குளிர் உடுப்பு, ஊருக்கு அனுப்புகிற காசு எல்லாம் போக மிச்சம் என்ன இருக்கும்? இந்த நிலையில் ரொறன்ரோவில் இருக்கிற மாமா, தன் வீட்டு நிலவறையில் கிடந்த பழைய நின்டென்டோவைப் பொதி கட்டி அனுப்புகிறார். அல்லது பக்கத்து வீட்டு மூதாட்டி, தன் மகன் விளையாடியது என்று ஒரு மெகா டிரைவைக் கொண்டுவந்து தருகிறார். பிள்ளைகளுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். ரீவியில் பூட்டிப் பார்த்தால் படம் புகார் மூடியது போலவோ, நிறமே இல்லாமலோ தெரிகிறது. "பழசுதானே, எறி" என்கிறார் தகப்பன்.

எறிய வேண்டாம். இப்படி வருகிற பெட்டிகளில், படம் கெடுவதற்குப் பெட்டியே காரணமாக இருப்பது நாம் கண்ட அளவில் குறைவு. சிநேகிதப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிட ஒரு சாட்டுக் கிடைத்திருக்கிற பிள்ளையிடமிருந்து அதைப் பறிக்கும் முன் சிலவற்றைப் பார்த்துவிடுவோம்.

படத்துக்கு முன் மின்சாரம். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், ஐரோப்பாவில் 230 வோல்ட். கனடாவிலிருந்து வந்த அடப்டரை இங்கே சுவரில் செருகினால் அது கருகிவிடும். பிளக் மாற்றி போட்டால் சரி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பிளக் மாற்றி வோல்ட்டைக் குறைக்காது. இன்னொன்று, நின்டென்டோவின் அடப்டர் தருவது 9 வோல்ட் ஆடலோட்டம், அதாவது ஏ.சி. மெகா டிரைவுக்கு வேண்டியது நேரோட்டம், அதாவது டி.சி.; முதல் மாதிரியில் முனையின் நடுப்பகுதி மறை. இரண்டின் முனையும் ஒன்றின் துளையில் மற்றது நுழையும் என்பதால் மாறிச் செருகி மெகா டிரைவைக் கெடுக்க ஒரு நிமிடம் போதும். அடப்டரின் முதுகில் உள்ள சின்ன எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்தாவது வாசியுங்கள். சரியான வோல்ட் இருந்தும், படத்தில் கிடைக்கோடுகள் மெல்ல மேலேறி, சத்தத்தில் ஓர் இரைச்சலும் கேட்டால் அப்போதும் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடப்டரைத்தான்.

அடுத்தது நாட்டு முறை. வட அமெரிக்கப் பெட்டி என்.ரி.எஸ்.சி. முறையில் வினாடிக்கு 60 படம் அனுப்பும். ஐரோப்பியப் பெட்டி பால் முறையில் 50. ரீவி மற்ற முறையை அறியாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகும், அல்லது உருளும். ஐரோப்பாவில் விற்ற புதிய தட்டை ரீவிகளிற் பெரும்பாலானவை மஞ்சள் சொக்கற் வழியாக இரண்டையும் விளங்கிக்கொள்ளும். அன்ரெனா சொக்கற் வழியாக அதை எதிர்பார்க்க முடியாது. பல கேம்கள் ஐரோப்பாவில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடின. 1991இல் வந்த முதல் சொனிக்கும் அப்படித்தான். "ரொறன்ரோவில் அண்ணா விளையாடினது வேகமாகப் போச்சு" என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள்.

இனி வயர். பெரும்பாலான குறைகள் இங்கேதான். பெட்டியோடு வருகிற அன்ரெனா வயர் படத்தையும் சத்தத்தையும் கலந்து, ஒரு ரீவி நிலையம் போல் அனுப்புகிறது. வட அமெரிக்காவில் அது 3ஆம் அல்லது 4ஆம் சனல். படத்தில் எறும்பு ஊர்வது இதனால்தான். 1985இல் அமெரிக்காவில் வந்த நின்டென்டோவின் வலது பக்கத்தைப் பாருங்கள்: மஞ்சளும் சிவப்புமாக இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். மஞ்சள் படம், சிவப்பு சத்தம். ஒரு சாதாரண வயரை அதில் பூட்டினாலே பாதி வருத்தம் தீரும். மஞ்சள் துளை இல்லாத புதிய ரீவியில் பச்சைத் துளையைச் சுற்றி மஞ்சள் அடையாளம் இருந்தால் மஞ்சள் வயர் அதற்குள்தான் போகும். ரீவி மெனுவில் 'ஏ.வி.' என்று தெரிவு செய்யாவிட்டால் அப்போதும் கறுப்பு வெள்ளைதான்.

மஞ்சள் வயரிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தே வருகின்றன. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் கொண்டுவருவது ஐரோப்பாவின் 21 ஊசி ஸ்கார்ட் வயர். மெகா டிரைவ், சுப்பர் நின்டென்டோ, முதல் பிளேஸ்ரேசன் ஆகியவற்றுக்கு இதைப் பூட்டினால் எழுத்துக்கள் கத்தியால் வெட்டியது போல் நிற்கும். ஆனால் ஸ்கார்ட் என்று விற்பதெல்லாம் அப்படியல்ல. 7, 11, 15 ஆம் இலக்க ஊசிகள் இல்லாத பிளக் வெறும் மஞ்சள் வயரே. நின்டென்டோ 64க்கு இதை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். உள்ளே மாற்றம் செய்யாத அந்தப் பெட்டி மூன்று நிறத்தையும் பிரித்து வெளிவிடாது.

படம் மங்கலாக இல்லாமல், சதுரம் சதுரமாகக் குழம்பியோ, தொடங்கித் தொடங்கி நின்றோ போனால் குறை வயரில் இல்லை, கசெற்றின் செப்புப் பற்களில் உள்ளது. வாயால் ஊதுகிற பழக்கம் உலகம் முழுக்க உண்டு. எச்சில் ஈரம் செப்பை அரிக்கும் என்பதால் அது வேண்டாம். பஞ்சுக் குச்சியில் மருந்துக்கடை ஐசோபுரோப்பைல் அல்ககோல் சிறிது தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். நகப்பூச்சு அகற்றுகிற திரவம் பிளாஸ்ரிக்கைத் தின்றுவிடும்.

ரீவியில் பட அளவை 4:3 ஆக வையுங்கள், கூர்மையைக் குறையுங்கள், 'கேம்' நிலை இருந்தால் போடுங்கள். பொத்தானை அமத்தினால் ஆள் தாமதமாகப் பாய்கிற தொல்லை அதனால் குறையும். ஆனால் ஒரு குறை செற்றிங்கால் தீராது. அக்காலப் பெட்டிகள் ஒவ்வொரு தடவையும் 240 கோடுள்ள முழுப் படத்தை அனுப்பின. புதிய ரீவிகள் பல அதைப் பாதிப் படம் என்று எண்ணி, இரண்டைச் சேர்த்துத் தைக்கப் பார்க்கின்றன. அடிபட்ட வீரன் மின்னி மின்னித் தெரிய வேண்டிய இடத்தில் முழுதாக மறைந்தே போகிறான். இதற்கென்று உள்ள நல்ல மாற்றிகள் பெரும்பாலும் பெட்டியின் விலையைவிட அதிகம். புதிதாக வந்த குடும்பத்துக்கு அவற்றை வாங்கச் சொல்ல மாட்டோம். மலிவான எச்.டி.எம்.ஐ. மாற்றிகள் படத்தைத் தெரியச் செய்யும், திருத்தமாட்டா.

செலவில்லாத வழி, யாரோ கழிக்கிற பழைய குழாய் ரீவி. இந்தப் பெட்டிகள் அதற்காகவே செய்யப்பட்டவை. நின்டென்டோவின் வாத்துச் சுடும் துவக்கு அதில் மட்டுமே வேலை செய்யும். என்ன குறையென்றாலும் அதன் பின்மூடியை மட்டும் கழற்றாதீர்கள். உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் குழாயில் தங்கி நிற்கலாம். பாரமும் முன்பக்கக் கண்ணாடியில்தான். கண்ணாடி நெஞ்சுப் பக்கம் இருக்க, இரண்டு பேராகத் தூக்குங்கள்.