ஆரோக்கியக் காப்பீடா, படுக்கைக் காப்பீடா?

எழுபது வயது தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால் இப்போது பேச்சு இரண்டு விஷயத்தில்தான் போய் நிற்கிறது. ஒன்று முழங்கால். மற்றொன்று ஆயுஷ்மான் அட்டை. முழங்காலைப் பற்றி எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். அட்டையைப் பற்றித்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "ஐந்து லட்சம் கொடுக்கிறான்" என்கிறார் ஒருவர். "ஒன்றும் கிடைக்காது, எல்லாம் விளம்பரம்" என்கிறார் இன்னொருவர். இரண்டுமே சரியில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அரசாணைகளைப் படித்து, குறிப்பு எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில், இதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, என்ன இருக்க வேண்டும் என்று எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் இருப்பதைச் சொல்கிறேன். பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய யோஜனா 2018 செப்டம்பரில் ஏழைக் குடும்பங்களுக்காகத் தொடங்கியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை, கையிலிருந்து பணம் கட்டாமல். 2024 அக்டோபர் 29 அன்று இதையே 70 வயது நிரம்பிய எல்லோருக்கும் விரித்தார்கள். அதற்குக் கொடுப்பதுதான் 'வய வந்தனா' அட்டை. இதில் வருமான வரம்பு கிடையாது. மாடி வீட்டுக்காரரும் வாங்கலாம், கூரை வீட்டுக்காரரும் வாங்கலாம். பிரீமியம் கிடையாது. ஏற்கெனவே சர்க்கரை, இதய நோய் இருந்தாலும் முதல் நாளிலிருந்தே செல்லும். தனியார் கம்பெனியில் நம் வயதுக்காரர் பாலிசி கேட்டால் எத்தனை கேள்வி, எத்தனை பரிசோதனை, பழைய நோய்க்கு எத்தனை வருடக் காத்திருப்பு என்று அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இனி, தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சில விஷயங்கள்.

ஐந்து லட்சம் யார் கையிலும் வராது. அது ஒரு வரம்பு. திட்டத்தில் பதிவான மருத்துவமனைக்கு, ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்கூட்டியே நிர்ணயித்த 'பேக்கேஜ்' தொகையை அரசு நேராகக் கொடுக்கும். பதிவாகாத மருத்துவமனையில் சேர்ந்துவிட்டு, பிறகு பில்லை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டால் கிடைக்காது. இது ரீஇம்பர்ஸ்மென்ட் அல்ல.

இந்த 5 லட்சம் தலைக்கு அல்ல, குடும்பத்துக்கு. கணவனும் மனைவியும் எழுபதைத் தாண்டியிருந்தால் இருவருக்கும் சேர்த்துத்தான் 5 லட்சம். ஏற்கெனவே ஏழைக் குடும்பம் என்று திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை: வீட்டிலுள்ள எழுபது வயதுக்காரர்களுக்கென்று தனியாக இன்னொரு 5 லட்சம். அதில் மகனோ பேரனோ பங்கு கேட்க முடியாது.

மத்திய அரசு ஓய்வூதியராக சி.ஜி.எச்.எஸ். வைத்திருப்பவரும், முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.எச்.எஸ். வைத்திருப்பவரும் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். எதை விடுகிறோம் என்று தெரியாமல் எதையும் விட்டுவிடாதீர்கள். இ.எஸ்.ஐ. உள்ளவர்களும் தனியார் பாலிசி உள்ளவர்களும் எதையும் விட வேண்டியதில்லை. இந்த அட்டையைக் கூடுதலாக வாங்கலாம்.

வயதுக்குச் சாட்சி ஆதார் ஒன்றுதான். நம் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்த தேதி. ஆதாரில் 68 என்று இருந்தால் நிஜத்தில் 72 ஆனாலும் கதவு திறக்காது. திருத்துவதானால் உடம்பு நன்றாக இருக்கும்போதே திருத்திக்கொள்ள வேண்டும். விரல் ரேகை தேய்ந்துபோனவர்கள் பயப்பட வேண்டாம். செல்போனுக்கு வரும் ஓ.டி.பி., கண் பாவை, முகம் இவற்றைக் கொண்டும் பதிவு செய்ய வழி இருக்கிறது.

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரியது. இந்த அட்டை, மருத்துவமனையில் சேர்ந்தால்தான் வேலை செய்யும். சேர்வதற்கு முன் 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள் வரையிலான மருந்தும் பரிசோதனையும் அதோடு சேரும். கண்புரை அறுவை, டயாலிசிஸ், கீமோதெரபி போல ஒரே நாளில் முடிகிறவையும் உண்டு. ஆனால் டாக்டரைப் போய்ப் பார்ப்பது, மாதா மாதம் வாங்கும் மாத்திரை, ரத்தப் பரிசோதனை, கண்ணாடி, காது மெஷின், பல் செட் எதுவும் கிடையாது.

என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது.

ஆங்கிலத்தில் இதை 'ஹெல்த் இன்ஷூரன்ஸ்' என்கிறார்கள். நாமும் மருத்துவக் காப்பீடு, ஆரோக்கியக் காப்பீடு என்கிறோம். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிரெஞ்சுக்காரன் இதற்கு வைத்த பெயர் 'அஸ்யூரான்ஸ் மலாதி'. அதாவது நோய்க் காப்பீடு. எனக்கு அந்தப் பெயர்தான் நேர்மையாகப் படுகிறது. ஆரோக்கியத்தை யாரும் இன்ஷூர் செய்ய முடியாது. நோய் வந்தால் செலவைத் தாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் நம் அட்டை நோய்க் காப்பீடுகூட இல்லை. படுக்கைக் காப்பீடு. படுத்தால் பணம் உண்டு, நடமாடிக்கொண்டிருந்தால் கிடையாது.

புதுவையில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவர்களும், பிரான்சில் பிள்ளைகள் உள்ளவர்களும் தெருவுக்கு நாலு வீடாவது இருப்பார்கள். அங்கே குடியிருக்கும் உறவுக்காரர்களிடம் 'கார்த் வித்தால்' என்ற பச்சை அட்டையைப் பார்த்திருப்பீர்கள். டாக்டரைப் பார்த்தால், நிர்ணயித்த கட்டணத்தில் பொதுவாக 70 சதவீதம் காப்பீட்டிலிருந்து வந்துவிடும். மிச்சத்துக்கு மற்றொரு துணைக் காப்பீடு வைத்துக்கொள்கிறார்கள். புற்றுநோய், சர்க்கரை போன்ற நீண்டநாள் நோய்கள் அடங்கிய ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் உள்ள நோய்க்கான சிகிச்சைக்கு நிர்ணயக் கட்டணத்தில் நூற்றுக்கு நூறு. அவர்கள் அதற்காகச் சம்பளத்திலும் வரியிலும் கனமாகக் கட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை கொடுப்பது, கால் அழுகி வெட்டுவதைவிட மலிவு என்று அந்தக் கணக்கு எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் அட்டையில் இது தலைகீழ். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை வாங்க உதவி இல்லை. மாத்திரையை நிறுத்திப் பக்கவாதம் வந்து படுத்தால் உதவி உண்டு. கையில் காசில்லாத மாதத்தில் வயதானவர்கள் முதலில் கை வைப்பது தங்கள் மாத்திரையில்தான். இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்குவார்கள். பிள்ளைகளிடம் சொல்லவும் மாட்டார்கள். மக்கள் மருந்தகத்தில் விலை குறைவுதான், அரசு மருத்துவமனையில் இலவசம்தான். ஆனால் நடக்க முடியாதவர் மாதா மாதம் வரிசையில் நிற்க யாரோ ஒருவர் துணைக்குப் போக வேண்டுமே?

இதற்கெல்லாம் அரசிடம் பணம் ஏது, இது நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். நடக்கிற காரியம்தான். அரசே அதை நடத்திக்கொண்டிருக்கிறது. சி.ஜி.எச்.எஸ். 1954-ல் டில்லியில் தொடங்கிய திட்டம். அதில் டாக்டரைப் பார்ப்பதும் மாத மருந்தும் உண்டு. இ.சி.எச்.எஸ்.ஸிலும் உண்டு. அந்தச் சேவை கிடைக்காத இடத்தில் குடியிருக்கும் மத்திய அரசு ஓய்வூதியருக்கு, வெளிநோயாளிச் செலவுக்கென்றே மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி கொடுக்கிறார்கள். ஆக, வயதானவனுக்கு மருத்துவமனைக்கு வெளியேயும் செலவு உண்டு என்பது அரசுக்குத் தெரியாத ரகசியம் அல்ல. தன் பழைய ஊழியருக்குத் தெரிந்து செய்வதை, வாழ்நாள் முழுக்கக் கொத்து வேலை பார்த்தவருக்கும் மீன் விற்றவருக்கும் செய்ய யோசிக்கிறது. ஒரேயடியாக எல்லாம் வேண்டாம். அந்த 5 லட்சத்துக்குள்ளேயே ஒரு சிறு தொகையை மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் என்று ஒதுக்கட்டும். பெரும்பாலோர் அந்த 5 லட்சத்தை எந்த வருடமும் தொடப்போவதில்லை. மாத்திரையை மாதா மாதம் தொடுவார்கள்.

இரண்டாவது குறை, மாற்றுத்திறனாளிகள். இதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் 1965-ல் ஜான்சன் ஜனாதிபதியாக இருந்தபோது 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 'மெடிகேர்' கொண்டுவந்தார்கள். ஏழு வருடம் கழித்து, 1972-ல் சட்டத்தைத் திருத்தி, உடல் ஊனத்தால் வேலை செய்ய முடியாமல் அரசு உதவித்தொகை பெறுகிறவர்களையும், சிறுநீரகம் செயலிழந்தவர்களையும் எந்த வயதானாலும் அதே திட்டத்தில் சேர்த்தார்கள். உதவித்தொகை தொடங்கி 24 மாதம் காத்திருக்க வேண்டும் என்ற குறை இன்றும் உண்டு. பல், கண்ணாடி, காது மெஷின் அங்கேயும் பொதுவாகக் கிடையாது. ஆனால் வயதையும் ஊனத்தையும் ஒரே அட்டையில் வைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. இருவரும் உழைத்துச் சம்பாதிக்கும் வட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள். இருவரையும் தனியார் கம்பெனி வேண்டாவெறுப்பாகத்தான் பார்க்கும். இருவருக்கும் மருத்துவச் செலவு மற்றவரைவிட அதிகம்.

நம் நாட்டில் 70 வயதான கோடீஸ்வரருக்கு அட்டை உண்டு. 30 வயதில் முதுகெலும்பு முறிந்து படுத்திருப்பவருக்கு, ஊனம் என்ற காரணத்துக்காக மட்டும் இந்த அட்டை கிடைக்காது. ஏழைப் பட்டியலில் அவர் குடும்பம் இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் இன்னும் 40 வருடம் காத்திருக்க வேண்டும். 'நிராமயா' என்று ஒரு நல்ல திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, வெளிநோயாளிச் சிகிச்சையும் பயிற்சி சிகிச்சைகளும் சேர்த்து. ஆனால் அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கு மட்டும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகை ஊனத்தை அங்கீகரிக்கிறது. அதன் 24-வது பிரிவு, வேறு காப்பீடு இல்லாத மாற்றுத்திறனாளிகளுக்கு முழுமையான காப்பீட்டுத் திட்டம் வகுப்பதையும் அரசின் கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. 'பொருளாதார சக்திக்கு உட்பட்டு' என்ற வாசகமும் அதில் இருக்கிறது. அந்த மாதிரி வாசகத்தின் பலம் என்னவென்று ஃபைல் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையை ஓட்டிவிடலாம்.

கோடீஸ்வரருக்கு ஏன் அட்டை என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை. வருமானச் சான்றிதழ் என்று ஒன்று வந்தால், அதை எடுக்க நடையாய் நடப்பவர் கோடீஸ்வரர் அல்ல, ஏழைதான். எல்லோருக்கும் என்று வைத்ததுதான் இந்தத் திட்டத்தின் பெரிய பலம். அந்தப் பலத்தை ஊனமுற்ற உறவுகளுக்கும் நீட்டுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஊனச் சான்றும் தனி அடையாள எண் அட்டையும் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக ஒரு காகிதமும் தேவையில்லை.

குறை சொல்லிவிட்டேன் என்பதற்காக அட்டையை வேண்டாமென்று விட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில், நெஞ்சுவலி வந்த பிறகுதான் ஆதாரைத் தேடினார்கள். மருத்துவமனையில் முன்பணம் கேட்டார்கள், கட்டினார்கள். அட்டை கையில் இருந்திருந்தால் கேட்டிருக்க முடியாது. ஆகவே உடம்பு சரியாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள். உங்கள் ஊரில் எந்த மருத்துவமனை, எந்தச் சிகிச்சைக்குப் பதிவாகியிருக்கிறது என்று 14555 என்ற எண்ணில் கேட்டு ஒரு தாளில் எழுதி ஆதாரோடு சேர்த்து வையுங்கள். சேரும்போது ஆரோக்கிய மித்ரா என்ற உதவியாளரை முதலில் பாருங்கள், கையெழுத்தைப் பிறகு போடுங்கள். அட்டை எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். மயக்கத்தில் கிடப்பவர் பீரோ சாவியைத் தேட முடியாது.

எழுபது வயதில் நமக்குக் கிடைத்தது நல்லதுதான். அது படுக்கைக்கு மட்டும் கிடைத்திருக்கிறது. படுக்காமல் இருப்பதற்கும் கேட்போம். நமக்கு முன்பே முதுமை வந்துவிட்ட பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேட்போம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் நம் வீட்டுப் படியேறுவது நிச்சயம். காப்பி கொடுத்துவிட்டு இந்த இரண்டு கேள்வியையும் கேளுங்கள்.