பாலூட்டும் தாய்ப்பன்றியின் தீவனத்தில் கை வைக்கலாமா?

"குட்டி போட்ட பன்றி இளைக்கத்தானே செய்யும்" என்று சொல்லிச் சும்மா இருந்துவிடுவது பன்றி வளர்ப்போர் பலருக்கு வழக்கமாகிவிட்டது. குட்டிகள் கொழுத்திருந்தால் போதும், தாயின் முதுகெலும்பு துருத்தி நின்றாலும் பாதகமில்லை என்று நினைக்கிறார்கள். சிறு விவசாயிக்கு இந்த நினைப்பு நட்டத்தையே தரும்.

ஓரளவு இளைப்பது இயல்புதான். ஆனால், ஈன்றபோது இருந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையவிடக் கூடாது. 150 கிலோ எடையுள்ள தாய் 15 கிலோவுக்கு மேல் இழந்தால், குட்டிகளைப் பிரித்த பிறகு காலத்தில் பருவத்துக்கு வராது. வந்தாலும் சினை பிடிப்பது குறையும், அடுத்த ஈற்றில் குட்டிகளும் குறையும்.

கணக்கைப் பாருங்கள்

சினைக்காலம் 114 நாட்கள். பாலூட்டல் 42 நாட்கள். நல்ல உடற்கட்டுள்ள தாய், குட்டி பிரித்த ஒரு வாரத்துக்குள் பருவத்துக்கு வந்துவிடும். ஆக ஒரு சுற்றுக்கு 163 நாட்கள். ஆண்டுக்கு இரண்டு ஈற்று எளிதில் எடுக்கலாம்.

பாலூட்டும் 42 நாளும் தினம் ஒரு கிலோ தீவனத்தைக் குறைத்தால் மிச்சமாவது 42 கிலோ. தாய் இளைத்து ஒரே ஒரு பருவம் தவறினால் 21 நாட்கள் வீண். அந்த நாட்களில் அது சும்மா தின்னும் தீவனமும், தினம் 2 கிலோ வீதம், 42 கிலோதான்! மிச்சம் பிடித்தது அத்தனையும் போயிற்று. இரண்டு பருவம் தவறினால் கைமுதலும் போகும்.

எடை ஏன் குறைகிறது?

முதற்காரணம் குட்டிகளின் எண்ணிக்கை. எட்டுக் குட்டிகள் தினம் 200 கிராம் வீதம் வளர வேண்டுமானால், தாய் 6 லிட்டருக்கு மேல் பால் தர வேண்டும். தீவனத்தில் கிடைக்காததைத் தன் உடம்பைக் கரைத்துத்தான் தரும். எனவே தாயின் உடம்புக்கு 2 கிலோவும், குட்டி ஒன்றுக்கு 300 முதல் 400 கிராமும் எனக் கணக்கிட்டுப் போடுங்கள். எட்டுக் குட்டித் தாய்க்கு ஐந்து கிலோ வரை ஆகும். ஈன்ற அன்று சிறிதளவே கொடுத்து, ஒரு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் வெள்ளை யார்க்‌ஷயரையும் நாட்டுப்பன்றியையும் கலந்து உருவாக்கியதைப் போன்ற இனங்கள் அதிகக் குட்டி போடுபவை. அவற்றை வாங்கி, நாட்டுப்பன்றிக்குப் போட்ட தவிட்டையே போட்டால் பயனில்லை. தவிட்டோடு மக்காச்சோளம், பிண்ணாக்கு, மீன்தூள், தாது உப்புக் கலவை ஆகியவையும் சேர வேண்டும்.

தலையீற்றுப் பன்றிக்குத் தனிக் கவனம் வேண்டும். அது தானும் வளர்ந்துகொண்டே பாலும் கொடுக்கிறது. சினையில் அளவுக்கு மீறிக் கொழுக்க வைத்த பன்றியோ ஈன்ற பின் தீவனத்தைக் குறைத்துக்கொண்டு விரைவாக இளைக்கும். குட்டிகளுக்கு இரண்டாம் வாரம் முதலே தனித்தீவனம் வைத்தால் தாயின் பாரம் குறையும்.

கடற்கரைச் சங்கடங்கள்

மணப்பாடு, குலசேகரன்பட்டினம் பக்கம் பன்றி வளர்ப்போர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது வெயில். பன்றிக்கு வியர்த்து உடம்பு குளிராது. வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினாலே பாலூட்டும் தாய் தின்பது குறையத் தொடங்கும். விடியற்காலையிலும், பொழுது சாய்ந்த பின்னும், இரவிலும் தீவனம் வையுங்கள். பனை ஓலைக் கூரை நல்லது. தாயின் கழுத்தில் தண்ணீர் தெளிக்கலாம். ஆனால் குட்டிகள் நனையக் கூடாது, அவற்றுக்குக் கதகதப்பு வேண்டும்.

இரண்டாவது உப்பு. மலிவாகக் கிடைக்கிறதென்று உப்பேறிய கருவாட்டுக் கழிவை அப்படியே போட்டுத் தண்ணீரும் குறைந்தால், உப்பே நஞ்சாகிப் பன்றி இறந்துவிடலாம். நல்ல தண்ணீரில் ஊற வைத்துக் கழுவி, வேகவைத்துச் சிறிதளவே சேர்க்க வேண்டும். பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 20 முதல் 35 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும், பாலும் குறையும்.

தராசு வேண்டாம், நாடா போதும்

முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், காதுகளின் நடுவிலிருந்து வாலடி வரை நீளத்தையும் மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தாலும் பிறகு 69.3 ஆலும் பெருக்கினால் எடை ஏறத்தாழத் தெரியும். சுற்றளவு 1.2 மீட்டர், நீளம் 1.4 மீட்டர் என்றால் சுமார் 140 கிலோ. ஈன்ற மூன்றாம் நாள் தொடங்கி வாரம் ஒருமுறை அளந்து எழுதி வாருங்கள்.

எடை விரைவாக இறங்கினால் தீவனத்தைக் கூட்டுங்கள். அப்படியும் தேறாவிட்டால், குடற்புழு உண்டா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வட்டாரத்தார் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் யோசனை கேட்கலாம். பன்றி வளர்க்கக் கடன் கொடுப்போரும் பயிற்சி கொடுப்போரும் எத்தனை பன்றி, எத்தனை குட்டி என்றுதான் எண்ணுகிறார்கள். இனியாவது பயனாளிக்கு ஓர் அளவு நாடாவையும் கொடுத்து, அளக்கவும் கற்றுத்தர வேண்டும். அடுத்த ஈற்றுக் குட்டிகள் இன்றைய தாயின் உடம்பில்தான் இருக்கின்றன.