ஒரு ரோடு அடைத்தால் இன்னொரு ரோடு

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக ஏறுவதுதான் வழக்கம். மழையில் மண் சரிந்து அந்தப் பாதை அடைத்துக்கொண்டால்? சங்கராபுரம் போய், சேராப்பட்டுப் பக்கமாகச் சுற்றி ஏற வேண்டியதுதான். இதற்காக டிரைவருக்கு யாரும் உத்தரவு போடுவதில்லை. எதிரே வரும் லாரிக்காரர் கையைக் காட்டி, "அந்தப் பக்கம் போகாதீங்க" என்றால் போதும்.

இன்டர்நெட்டில் அந்த லாரிக்காரரின் வேலையைச் செய்வது ரூட்டிங் புரோட்டோகால். பரவலாகப் பயன்படுவது ஓ.எஸ்.பி.எஃப். ஒவ்வொரு ரூட்டரும் பக்கத்து ரூட்டருக்கு 10 விநாடிக்கு ஒரு தரம் "ஹலோ" சொல்லும். 40 விநாடி பதில் வராவிட்டால், அந்த வழி போச்சு என்று மற்ற எல்லாருக்கும் தகவல் பறக்கும். உடனே ஒவ்வொன்றும் புது வழியைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் ஹாலந்துக்காரர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1956-ல் ஆம்ஸ்டர்டாமில், கடை கடையாக ஏறி இறங்கிய களைப்பில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தவர், காகிதம் பேனா இல்லாமல் 20 நிமிடத்தில் மனசுக்குள்ளேயே போட்டது!

ஆனால் ரூட்டருக்கு நாம் சொல்லிக் கொடுப்பதில்தான் கோளாறு வரும். ஒரு பக்கம் 10 விநாடி, மறுபக்கம் 30 விநாடி என்று வைத்துவிட்டால் இரண்டும் கடைசிவரை பேசிக்கொள்ளாது. பக்கத்துப் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரிதான்.

இன்னொன்று சுவாரசியமானது. வேகமான வழிக்குக் குறைந்த 'செலவு' என்பது விதி. சிஸ்கோ ரூட்டர்களில் அந்தக் கணக்கு 100 எம்.பி.பி.எஸ். வேகத்தை அளவுகோலாக வைத்துப் போடப்பட்டது. அதற்கு மேல் எவ்வளவு வேகம் இருந்தாலும் செலவு 1-தான். அதனால் பத்து மடங்கு வேகமான கண்ணாடியிழை கேபிளும், டவரிலிருந்து வரும் 100 எம்.பி.பி.எஸ். ரேடியோ இணைப்பும் அதன் கண்ணுக்கு ஒன்றே. அளவுகோலை எல்லா ரூட்டரிலும் ஒரே மாதிரி மாற்றினால் சரியாகிவிடும். ஒன்றில் மறந்தாலும் வழி தாறுமாறாகும்.

மலைக் கிராமத்திலிருந்து சாதிச் சான்றுக்காக வெள்ளிமலைக்கு வந்து நிற்கும் மாணவிக்கு "நெட் இல்லம்மா, நாளைக்கு வா" என்பது ஒரு நாள் படிப்பும், பெற்றோரின் ஒரு நாள் கூலியும். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழை கொண்டு போவதுதான் பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. நல்லது. ஆனால் புரோட்டோகால் எவ்வளவு புத்திசாலியானாலும் இல்லாத ரோட்டில் வண்டி ஓட்டாது. அடிவாரத்தில் ஜே.சி.பி. ஒரு தரம் தோண்டினால், ஒரே குழியில் போட்ட இரண்டு கேபிளும் சேர்ந்தே அறுந்துபோகும்.

அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: "நம்ம ஊருக்கு கேபிள் எந்தப் பக்கமா வருது? இன்னொன்னு எந்தப் பக்கமா?"