ஒளுத் தண்ணீர் எங்கே போகிறது?



என்னிடம் மக்தபில் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். நீர்நிலைகளைக் காக்கும் சிறு தொண்டு நிறுவனமொன்றில் கோடை விடுமுறையில் ஆறு வார இன்டர்ன்ஷிப் சேர்ந்தார். உதவித்தொகை இல்லை. பிளம்பராக உழைத்துப் படிக்க வைக்கும் அவருடைய அத்தா, "சாக்கடை ஓரம் நிற்கவா படிக்க வைத்தேன்? நீங்களாவது சொல்லுங்கள் ஹஜ்ரத்" என்று வருந்தினார். பட்டும்படாமல் பேசி அனுப்பினேன். அது என் தவறு.

பயிற்சி நடந்த இடம் கொரட்டூர் ஏரி. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் உபரிநீர் கொரட்டூருக்கு வரும். அங்கிருந்து இரட்டேரிக்குச் செல்லும். தொழிற்சாலைகளும் வீடுகளும் பெருகியபின், மழைநீர் வரவேண்டிய கால்வாய்களில் கழிவுநீர் வந்தது. கொரட்டூர் ஏரிப் பாதுகாப்பு மக்கள் இயக்கத்தினர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதை இப்பகுதியினர் அறிவர்.

மாணவரின் வேலை எளியது. கால்வாய் ஏரியில் சேருமிடத்தில் நீரைப் புட்டியில் எடுத்து, நிறம், வாடை, உப்பின் அளவு ஆகியவற்றைக் குறிப்பார். பிறகு அந்தக் கால்வாய் எந்தெந்தத் தெருக்களைக் கடந்து வருகிறது என்று நடந்து பார்ப்பார். ஒருநாள் மக்ரிபுக்குப் பின் கேட்டார்: "அசுத்தம் கலந்து நிறம், சுவை, வாடை மாறிய தண்ணீர் ஒளுவுக்கு ஆகாது என்று நீங்கள்தானே கற்றுத் தந்தீர்கள், ஹஜ்ரத்? நம் பள்ளிவாசலின் ஒளுத் தண்ணீர் எங்கே போகிறது?"

பதில் தெரியவில்லை. இருபது ஆண்டுகளாகத் தண்ணீர் பாடம் நடத்துகிறேன். குல்லத்தைன் அளவை என் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். பக்கத்து ஏரிக்கு ஒருமுறையேனும் அவர்களை அழைத்துச் சென்றதில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' நீரில் ஒளுச் செய்ததாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். இன்றைய கணக்கில் ஒரு லிட்டருக்கும் குறைவு. மாணவர் குழாயின் கீழ் வாளி வைத்துப் பார்த்தார். என் ஒளுவுக்கே அரை வாளி நிறைந்தது! 2019இல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் நின்றவர்கள் நாம்.

பெற்றோரின் கவலையிலும் நியாயம் உண்டு. உழைப்பவரின் கூலி பற்றி மார்க்கம் கண்டிப்பாகவே பேசுகிறது. நிறுவனங்கள் பேருந்துக் கட்டணமாவது தரட்டும். இல்லையேல் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே இப்பயிற்சிக்குப் போவார்கள். நிதியில்லாத இடங்களில் ஓரிரு மாணவர் செலவை ஜமாஅத்தே ஏற்கலாம். ஆனால் "சின்ன நிறுவனம்தானே" என்ற ஏளனம் வேண்டாம். 2000இல் சென்னையில் தொடங்கிய கேர் எர்த் அறக்கட்டளையும் பெரிய நிறுவனமன்று. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அது பல ஆண்டுகள் ஆராய்ந்தது. 2022இல் அந்நிலம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

கடந்த வாரம் மாணவரும் நானும் ஒளுக் குழாயடியிலிருந்து தெருமுனை வரை நடந்தோம். ஒளுத் தண்ணீர் நேரே மழைநீர் வடிகாலில் விழுகிறது. அதனுடன் வேறு வீடுகளின் கழிவும் சேருகிறது. அதைப் பள்ளிவாசல் வளாகத்துத் தென்னைகளுக்குத் திருப்ப எவ்வளவு குழாய் தேவை என்று அளந்து கொடுத்தவர் மாணவரின் அத்தா. ஜும்ஆவுக்குப் பின் அந்தத் தாளை நிர்வாகிகளிடம் கொடுக்க இருக்கிறோம்.