இசைஞர்க்கு ஏது அகவிலைப்படி?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

மாசி பிறந்துவிட்டால் நம் காரைக்குடிக்கு உறக்கம் கிடையாது. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலின் மாசி-பங்குனித் திருவிழாவில் தொடங்கி ஆடி முடியும் வரை, சுற்றுவட்டாரத்தில் ஏதேனும் ஓர் ஊரில் மெல்லிசைக் கச்சேரி நடந்துகொண்டேயிருக்கும். நாமும் துண்டை விரித்து அமர்ந்து, கை தட்டி, ‘ஒன்ஸ்மோர்’ கேட்டு மகிழ்கிறோம். பாடுகிறவரின் பெயர் நமக்குத் தெரியும். அவருக்குப் பின்னால் அமர்ந்து வாசிக்கிறவர் அன்றிரவு வீட்டுக்கு எவ்வளவு கொண்டு போகிறார் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

இசைக்கு வாரி வழங்கிய மண் இது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் கண்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கானாடுகாத்தானுக்கு உரியவர். வீணை என்றதும் நினைவுக்கு வரும் காரைக்குடி சகோதரர்கள் நம் ஊர்ப் பெயரையே தம் பெயராகக் கொண்டவர்கள். ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1940-களில் இங்கேதான் ஸ்டூடியோ அமைத்துப் படமெடுத்தார். 1947-இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ இந்த ஊரில் உருவான படமே. அக்காலத்துப் படநிறுவனங்களில் இசைக்குழுவினரை மாதச் சம்பளத்தில் வைத்திருக்கும் வழக்கம் இருந்தது. பெருஞ்சம்பளம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் முதல் தேதி என்று ஒன்று அவர்களுக்கு இருந்தது. பின்னர் நாட்கணக்கில் கூலி வந்தது. அதன் பின் பலருடைய வேலையை ஒரே மின்னணுக் கருவி செய்யும் காலமும் வந்தது.

என் சித்தப்பா இருபது ஆண்டுகளாக மெல்லிசைக் குழுக்களில் தாளம் வாசிக்கிறார். முன்பு தபேலாவும் டோலக்கும். இப்போது ரிதம் பேட். அவருடைய வரவு செலவை ஒரு நாள் கேட்டு எழுதிக் கணக்குப் போட்டேன். ஓர் இரவுக்கு 1,500 ரூபாய். நல்ல ஆண்டாக இருந்தால் எழுபது இரவுகள். ஆக மொத்தம் 1,05,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,750 ரூபாய். வீட்டு வாடகை மட்டும் 4,000. எஞ்சியதில் அரிசி, பால், மருந்து, இரு பிள்ளைகளின் படிப்பு ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். கருவி பழுதானால் அந்தச் செலவும் அவருடையதே. குழுவுக்குப் பேசிய தொகை பெரிதாகத் தோன்றலாம். அதிலிருந்து வேன் வாடகை, ஒலி-ஒளி, ஏஜெண்ட் கமிஷன், தொலைக்காட்சியில் தோன்றிய பாடகருக்குத் தனித்தொகை எனக் கழித்த பிறகே வாசிப்பவரின் பங்கு வருகிறது.

2019-இல் அவர் பெற்றது 1,200. இத்தனை ஆண்டுகளில் உயர்ந்தது முந்நூறு ரூபாய்! 2020 மே மாதம் சென்னையில் 600 ரூபாய்க்குள் இருந்த சமையல் எரிவாயு உருளை, 2023 மார்ச்சில் 1,100 ரூபாயைத் தாண்டியது; பிறகு சற்று இறங்கியதேயன்றிப் பழைய விலைக்குத் திரும்பவில்லை. இடையில் கொரோனா வந்து 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளின் திருவிழாக் காலத்தையும் விழுங்கியது. அப்போது அடகுக்குப் போன சித்தியின் சங்கிலி இன்னும் மீளவில்லை.

“பகலில் வேறு வேலை பார்க்கலாமே?” என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். பார்க்கத்தான் செய்கிறார், கச்சேரி இல்லாத நாட்களில் சுவருக்கு வண்ணம் பூசுகிறார். விடிகாலையில் வேனிலிருந்து இறங்குகிறவர் எட்டு மணிக்குச் சாரம் ஏற முடியுமா என்பதை நண்பர்தான் சொல்ல வேண்டும்.

இது நம் ஊர்க் குறை மட்டுமன்று. 1966-இல் பாமல், போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் இதனை ஆராய்ந்து நூல் எழுதினர். ஆலையில் புதிய எந்திரம் வந்தால் ஒரு தொழிலாளி முன்னினும் பன்மடங்கு உற்பத்தி செய்கிறார்; கூலி உயர அதில் இடமுண்டு. நால்வர் சேர்ந்து வாசிக்கும் ஓர் இசைக்கோ, இருநூறு ஆண்டுகளுக்கு முன் வேண்டியிருந்த அதே நால்வரும் அதே நேரமும் இன்றும் வேண்டும். சாமி புறப்பாட்டுக்கு நாகசுரமும் தவிலும் நான்கு வீதி சுற்றும் நேரத்தை எந்த எந்திரம் குறைக்கும்? கூலியை உயர்த்தினால் செலவு கூடும். உயர்த்தாவிட்டால் கலைஞன் நொடிவான். அமெரிக்காவின் மின்னசோட்டா இசைக்குழுவில் ஊதியக் குறைப்பை ஏற்க மறுத்த கலைஞர்களை 2012 அக்டோபரில் நிர்வாகம் வெளியே நிறுத்திக் கதவடைத்தது. 2014 தொடக்கம் வரை அது நீடித்தது. எனினும் அவர்களுக்குச் சங்கம் உண்டு, ஒப்பந்தம் உண்டு. நம்மவர்க்கு இருப்பதோ கைப்பேசியில் ஒரு தேதி!

நம் விழாக் குழுக்கள் கண்டுபிடித்த வழி வேறு. பதினைந்து பேர் அமர்ந்த மேடையில் இன்று ஐந்தாறு பேர். மற்றவர்களின் இடத்தில் ‘டிராக்’ ஓடுகிறது. விழாக் குழுவினரையும் முற்றாகப் பழிக்க நான் துணியவில்லை. தலைக்கட்டு வரி கொடுக்க ஊர்க்காரர் படும் பாடு எனக்குத் தெரியும், எங்கள் வீடும் தலைக்கட்டு வரி கொடுக்கும் வீடே. ஆயினும் வாணவேடிக்கைக்கும் வரவேற்புப் பதாகைக்கும் பேரம் பேசாதவர்கள் தாளம் தட்டுகிறவரிடம் நூறு ரூபாய் குறைப்பது எந்த நியாயம்? போதாக்குறைக்கு ஒரு பொன்னாடை. அதைக் கடையில் கொடுத்து அரிசி வாங்க முடியாது.

அரசு ஊழியர்க்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் விலைவாசிக் குறியீட்டெண்ணை ஒட்டி, ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை கணக்கிட்டு அகவிலைப்படி அளிக்கப்படுகிறது. அது முறையே, குறை சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். (தொகுப்பூதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர்கள் என்னை மன்னிப்பார்களாக!) அந்தக் குறியீட்டெண் அரசு வெளியிடுவது, யாரும் பார்க்கலாம். ஊர் விழாக் குழு அதனைப் பார்த்து, சென்ற ஆண்டுத் தொகையோடு அந்த விழுக்காட்டைக் கூட்டிப் பேசினால் என்ன? அரசு இயல் இசை நாடக மன்றத்தின் வழியே நலிந்த கலைஞர்க்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. ஆனால் அது நலிந்த பிறகு வருவது.

தொகையை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். மீதித் தொகையை “நாளை வந்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்னாமல், மேடையைப் பிரிக்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். திருவிழா முடிந்ததும் கோயில் சுவரில் ஒட்டும் வரவு செலவுக் கணக்கில் ‘மெல்லிசை’ என்று ஒரே வரியில் முடிக்காமல், வாசித்தவர் எத்தனை பேர், தலைக்கு எவ்வளவு என்றும் எழுத வேண்டும். நம் மாணவர்களில் பலர் தத்தம் ஊரில் விழாக் குழுவோடு ஓடியாடி வேலை செய்கிறவர்கள். நோட்டீஸ் அடிப்பதும் வசூல் நோட்டு எழுதுவதும் நாம்தாம். மாசித் திருவிழாவுக்கு முன்பணம் பேசுவது தை மாதத்தில். அப்போது நாமும் அங்கே இருப்போம்.