மைதானத்தைக் கொடுக்காமல் செல்போனைப் பிடுங்குவதா?

கடையைப் பூட்டிவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் வியாபாரிச் சகோதரரே! வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் மகன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று பாருங்கள். கட்டிலின் மூலையில் முழங்காலை மடக்கி, முகத்தில் செல்போன் வெளிச்சம் அடிக்க உட்கார்ந்திருக்கிறானா? நீங்கள் சொன்ன ஸலாத்துக்குத் தலையைத் தூக்காமலே பதில் சொன்னானா? உங்களுக்குக் கோபம் வருகிறது. "நாங்களெல்லாம் உன் வயதில்..." என்று ஆரம்பிக்கிறீர்கள். கோலி, பம்பரம், கிட்டிப்புள், நுங்கு வண்டி என்று பட்டியல் நீள்கிறது. அவன் காதில் வாங்கியபடியே அடுத்த காட்சிக்கு விரலைத் தள்ளுகிறான்.

அவனிடம் ஒரு கேள்வி இருக்கிறது. மரியாதைக்காகக் கேட்காமல் இருக்கிறான். "சரி அத்தா, நான் எங்கே போய் விளையாடுவது?"

இந்தக் கேள்விக்கு நம்மில் எத்தனை பேரிடம் பதில் இருக்கிறது?

பழைய விளையாட்டுகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெருமூச்சோடு நிறுத்திக்கொள்கிறோம். அவை பிள்ளைக்கு என்ன கொடுத்தன என்று யோசிப்பதில்லை. வியாபாரிகளுக்கு இது சட்டென்று விளங்கும். பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து வீதம் எழுபது புளியங்கொட்டை. எந்தக் குழியை அள்ளினால் எங்கே போய் முடியும் என்று, கொட்டையைத் தொடுமுன் மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு; கவனிக்காமல் விட்டால் போனது போனதுதான். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத நம் பாட்டிமார்கள் பால் கணக்கிலும் சீட்டுக் கணக்கிலும் ஒரு பைசா ஏமாந்ததில்லையே, எங்கே படித்தார்கள் அந்தக் கணக்கை?

கிட்டிப்புள்ளில் புள் பறந்து விழுந்த தூரத்தைப் பார்த்து, "இத்தனை கோல்" என்று அடித்தவன் வாயால் சொல்ல வேண்டும். எதிர் அணி நம்பினால் எண்ணிக்கை அவனுக்கு. நம்பாவிட்டால் கோலை வைத்து அளப்பார்கள். கூட்டிச் சொல்லியிருந்தால் ஆட்டம் இழந்தான்! கண்ணளவும் நாணயமும் ஒரே அடியில் பரிசோதிக்கப்படுகிற இடம் அது. ஜவுளிக்கடையில் துணியைப் பார்த்ததுமே இத்தனை மீட்டர் தேறும் என்று சொல்லும் நம் பெரியவர்கள் அந்தக் கண்ணை எங்கிருந்து பெற்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பம்பரத்தில் இன்னொரு பாடம். காசு சேர்த்து வாங்கிய புதுப் பம்பரம் வட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளும். கூட்டாளிகள் சாட்டையைச் சுழற்றி ஆணியால் அதன் தலையில் ஆக்கர் வைப்பார்கள். மரம் தெறிக்கும். கண்ணில் நீர் முட்டும். ஆனாலும் மறுநாள் அதே குழி விழுந்த பம்பரத்தோடு அதே கூட்டாளிகளிடம்தான் போய் நிற்க வேண்டும். நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு மறுநாள் கடை திறப்பதற்கு வேறு என்ன பயிற்சி வேண்டும்?

எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே நடுவர் கிடையாது. அவுட்டா இல்லையா என்ற வழக்கைப் பத்து வயதுப் பிள்ளைகளே பேசித் தீர்த்தார்கள். தீர்க்காவிட்டால் மட்டைக்காரன் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான், ஆட்டமே நின்றுவிடும். விட்டுக்கொடுக்கவும் தெரிய வேண்டும், விடாமல் நிற்கவும் தெரிய வேண்டும். இன்று செல்போன் விளையாட்டில் தீர்ப்பை இயந்திரம் சொல்லிவிடுகிறது. பிடிக்கவில்லையென்றால் மூடிவிட்டு வேறொன்றைத் திறக்கலாம். எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

கோலிக்குண்டு விஷயத்தில் எங்கள் மதரஸா உஸ்தாத் கடுமையாக இருப்பார். தோற்றவனுடைய குண்டை ஜெயித்தவன் எடுத்துக்கொண்டு போகிற ஆட்டம் கூடாது, அது சூது என்பார். ஆகவே நாங்கள் முட்டி ஆட்டம் ஆடினோம். தோற்றவன் கையை மடக்கித் தரையில் ஊன்ற வேண்டும். ஜெயித்தவன் குண்டால் விரல் முட்டியில் அடிப்பான். (எது மேல் என்று அப்போது எங்களுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது!)

ஒரு கண்ணாடிக் குண்டு கைமாறுவதைக்கூடத் தடுத்த சமுதாயம் இது. இதே சமுதாயத்துப் பிள்ளைகளின் கையில் இன்று என்ன இருக்கிறது? 'இலவச' விளையாட்டு என்று ஆரம்பிக்கும். பாதியில் ஒரு பெட்டியைக் காட்டும். காசு கட்டித் திறந்தால் உள்ளே நல்ல ஆயுதமும் இருக்கலாம், ஒன்றுக்கும் ஆகாத சட்டையும் இருக்கலாம். இப்படிக் காசுக்கு விற்கப்படும் பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம் 2018-லேயே சொல்லிவிட்டது. நம் நாட்டில்? 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள்; 2021 ஜூலையில் வேறு பெயர் சூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழகச் சட்டமன்றம் 2022 அக்டோபரில் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றிய பிறகே ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில்தான் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு எதிராக நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இந்த இடைவெளியில் எத்தனை வீட்டில் நகை அடகுக் கடைக்குப் போயிற்று! கடையில் வேலை பார்க்கும் வாலிபர்கள் வைத்திருப்போரைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

பணம் கட்டாத பிள்ளை தப்பித்தானா? இல்லை. கடை நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை: ஒருவன் சரக்கை இலவசமாகக் கொடுத்தால் அவன் லாபம் வேறெங்கோ இருக்கிறது. முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் மூன்றுக்கும் சொந்தமான மெட்டா நிறுவனத்தின் வருமானம் 2023-ல் ஏறத்தாழ 13,500 கோடி டாலர். அதில் 97 சதவீதத்துக்கு மேல் விளம்பரத்தில் வந்தது. உங்கள் பிள்ளை எத்தனை நிமிடம் அதிகம் பார்க்கிறானோ அத்தனை விளம்பரம் அதிகம் விற்கலாம். ஆகவே ஒன்று முடியுமுன் அடுத்தது தானாக வந்து நிற்கிறது. முடிவே இல்லாதபடி வேண்டுமென்றே செய்து வைத்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் எங்கள் தந்தையர் தொலைக்காட்சிப் பெட்டியைத் திட்டினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டியில் நிகழ்ச்சி முடியும், கரண்ட் போகும். தெரு ஆட்டத்துக்கோ மஃரிப் பாங்கு ஒலித்தால் போதும், அத்தோடு கலைந்துவிடும்.

இத்தனையும் சொல்லிவிட்டு, பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா? செல்போனை அவனா வாங்கினான்? 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை மாதக்கணக்கில் இலவசமாகக் கொட்டியபோது கைநிறைய வாங்கியவர்கள் நாம். கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது குழந்தை அழுதால் போனைக் கொடுத்து வாயை அடைத்தவர்களும் நாம். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் முதல் தேதிதான் மறுபடி வகுப்பறைக்குள் நுழைந்தார்கள். பத்தொன்பது மாதங்களுக்கும் மேல்! போனைக் கையில் கொடுத்து, "இதில்தான் பாடம்" என்று சொன்னது அரசும் பள்ளியும் நாமும். பழக்கிவிட்ட பிறகு திடீரென்று பிடுங்கினால் அவன் என்ன செய்வான்?

சில பெற்றோர் இன்னொரு பக்கம் போகிறார்கள். பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் மதரஸா, பிறகு வீட்டுப்பாடம், தூக்கம். விளையாட்டு வீண் பொழுது என்று ஒரு எண்ணம். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம். நபி(ஸல்) அவர்கள் அபூ உமைர் என்ற சிறுவனிடம் அவன் வைத்து விளையாடிய சின்னக் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்ததையும், ஆயிஷா(ரலி) அவர்கள் தோழிகளோடு பொம்மை வைத்து விளையாடியதையும் ஹதீஸ் நூல்களில் நாம்தானே படித்து வைத்திருக்கிறோம்? மிம்பரில் சொல்கிறோம், வீட்டில் மறந்துவிடுகிறோம்.

மருத்துவர்கள் சொல்வதையாவது கேளுங்கள். ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண் விஷயம் இன்னும் முக்கியம். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் மட்டும் தினமும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற காசை வெயிலில் மிச்சம் பிடிக்கலாம்.

அந்தக் காலம் பொற்காலம் என்று ஒரேயடியாகப் புகழவும் நான் தயாரில்லை. கிணற்றில் விழுந்து போன பிள்ளைகள் உண்டு. பட்டத்துக்குப் பூசிய மாஞ்சா எத்தனை பேர் கழுத்தை அறுத்திருக்கிறது! பெண் பிள்ளைகளோ பத்து வயதைத் தாண்டியதும் தெருவிலிருந்து உள்ளே அழைக்கப்பட்டார்கள். முற்றத்துப் பல்லாங்குழியும் ஐந்தாங்கல்லும்தான் மிச்சம். இன்று முற்றமும் இல்லை. ஆண் பிள்ளையாவது டர்ஃப் மைதானத்துக்கு மணிக்கணக்கில் காசு கட்டிப் பந்தடிக்கிறான். நம் மகளுக்கு எது இருக்கிறது? மைதானம் கேட்கும்போது அவளுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தெருவை யார் மூடினார்கள் என்று பார்ப்போம். இரண்டு பக்கமும் பைக், நடுவில் வேகமாகப் பறக்கும் வண்டி. காலி மனைகளில் கட்டடம். கண்மாய்க் கரையில் குப்பை. பள்ளி மைதானத்துக்கு நாலரை மணிக்கே பூட்டு. சொல்லக் கசப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டும்: பஜார் தெருவில் பாதியைச் சரக்கு மூட்டையும் பலகையும் போட்டு அடைத்திருப்பவர்கள் நாமே. ஊருக்கு ஊர் ஜமாஅத் கட்டிய திருமண மண்டபம் இருக்கிறது. அதன் முன்னால் அகலமான இடமும் இருக்கிறது. கல்யாணம் இல்லாத நாட்களில் கேட் பூட்டிக் கிடக்கிறது. அஸர் முதல் மஃரிப் வரை அதைத் திறந்துவிட்டு, பொறுப்பாக இரண்டு வாலிபர்களை நிறுத்த ஒரு தீர்மானம் போதாதா? கச்சேரிக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டாம், ஒரு சாவிதான் வேண்டும்.

மண்டபத்து முற்றம் ஐம்பது பிள்ளைகளுக்கு இடம் தரும். ஐநூறு பேருக்கு? அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்கிறது. பெரிய மனைப்பிரிவு போடும்போது சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொது உபயோகத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது நம் மாநிலத்து விதி. நம்மில் பலர் அப்படிப்பட்ட நகர்களில் மனை வாங்கியிருக்கிறோம். வரைபடத்தில் பச்சையாக 'பூங்கா' என்று போட்டிருக்கும். போய்ப் பாருங்கள், அங்கே சில இடங்களில் முள் மண்டியிருக்கும், சில இடங்களில் யாரோ வீடே கட்டியிருப்பார்கள். பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தபோது அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் தீர்ப்பளித்தது. மருத்துவமனைக்கே கொடுக்கக்கூடாதென்றால், மற்றவர்களுக்கு எப்படிக் கொடுக்கலாம்?

வாலிபர்களே, போனில் ஓடும் உங்கள் விரலுக்கு ஒரு வேலை. உங்கள் பகுதியில் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவுகள் எவை, ஒவ்வொன்றிலும் பொதுத் திறந்தவெளிக்கு எவ்வளவு நிலம் ஒப்படைக்கப்பட்டது, அதன் சர்வே எண் என்ன, இன்று அது யார் வசம் இருக்கிறது என்று நான்கு கேள்வி எழுதுங்கள். நகராட்சியாக இருந்தால் நகராட்சி, பேரூராட்சியாக இருந்தால் பேரூராட்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளில் அவர்கள் பதில் தந்தாக வேண்டும். மனுவின் நகலையும் தபால் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் ஜமாஅத் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள்.